குளிர்காலத்துக்கு முன் ஊர் திரும்பிய போதகர்: போன்ஹோஃபர் வாழ்க்கையில் தினசரி பைபிள் வாசிப்பு செய்தது என்ன?

1939-ம் ஆண்டு ஜூன் 26. நியூயார்க்கில் ஒரு இறையியல் கல்லூரியின் விருந்தினர் அறை. 33 வயது ஜெர்மன் போதகர் ஒருவர் வழக்கம்போல பைபிளைத் திறக்கிறார். கண்ணில் படுவது, சிறையில் இருக்கும் பவுல் தன் இளம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசிப் பகுதி. குளிர்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே எப்படியாவது வந்து சேரும்படி அதில் பவுல் கேட்டுக்கொள்கிறார்.

பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய தனிப்பட்ட வேண்டுகோள் அது. ஆனா, அன்னைக்கு முழுக்க அந்த வரி அவரை விடவே இல்லை. இரண்டு வாரத்துக்குள் அவர் கப்பல் ஏறி, ஹிட்லரின் ஜெர்மனிக்கே திரும்பிப் போனார். ஆறு ஆண்டுகளுக்குள் தூக்கிலிடப்பட்டார்.

அவர் பெயர் டீட்ரிக் போன்ஹோஃபர். தினமும் பைபிள் வாசிப்பது அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இவர் பெயரும் கூடவே வரும். ஆனா இவருக்குக் கிடைத்த வழிகாட்டுதல், பலரும் எதிர்பார்ப்பது போல எளிதானதாக இல்லை.

யார் இந்த போன்ஹோஃபர்?

1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். அந்த ஊர் இப்போ போலந்தில் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி சபீனா. அப்பா கார்ல் போன்ஹோஃபர் புகழ்பெற்ற மனநல மருத்துவர். 1912-ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

அப்பா அறிவியல் மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம் இல்லை. ஆனா அம்மா பவுலா, பிள்ளைகளுக்கு பைபிள் கதைகளும் பாட்டும் ஜெபமும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்.

1918-ல் முதல் உலகப் போரில், இரண்டாவது மகன் வால்டர் காயமடைந்து இறந்தார். அம்மா உடைந்துபோனார். பல வாரங்கள் அவரால் எழுந்து நடமாடக்கூட முடியவில்லை. மூன்று வருடம் கழித்து, 1921-ல் டீட்ரிக்குக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்தபோது, வால்டர் வைத்திருந்த பைபிளை அம்மா எடுத்து அவர் கையில் கொடுத்தார். இறந்துபோன அண்ணனின் அந்த பைபிளைத்தான் டீட்ரிக் தன் தனிப்பட்ட தியானத்துக்குக் கடைசிவரை வைத்திருந்தார்.

வீட்டில் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், இறையியல் படிக்கப்போவதாக அறிவித்தார். அண்ணன்மார்கள் கிண்டல் செய்தார்கள். அவர் மாறவில்லை. 21 வயதிலேயே பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

தொழிலுக்குப் படிப்பது வேற, தனக்காகப் படிப்பது வேற

இங்கேதான் ஒரு சிக்கல். இறையியல் அறிஞருக்கு பைபிள் என்பது ஆய்வுப் பொருள். எந்தப் பகுதியை யார் எழுதினார், எந்தக் காலம், மூல மொழிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிரித்துப் பார்க்கும் வேலை. போன்ஹோஃபர் அதில் கெட்டிக்காரர். அதை வைத்துப் பிரசங்கமும் செய்தார், வகுப்பும் எடுத்தார்.

1930-ல் ஒரு வருடப் படிப்புக்காக நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போனார். அங்கே இரண்டு விஷயங்கள் நடந்தன. ஃபிராங்க் ஃபிஷர் என்ற கறுப்பின மாணவர் இவரை ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு அழைத்துப் போனார். நிறவெறியில் அடிபட்ட மக்கள் அதே பைபிளைத் தங்கள் உயிர் மூச்சாக வாசிப்பதை அங்கே பார்த்தார். இன்னொரு பக்கம், பிரான்ஸைச் சேர்ந்த ஜான் லஸ்ஸேர் என்ற சக மாணவர், இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அப்படியே வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார்.

அதற்குப் பிறகு போன்ஹோஃபரின் வாசிப்பே மாறியது. அதுவரை நிறையப் பிரசங்கம் செய்திருந்தாலும், உண்மையில் தான் இன்னும் கிறிஸ்தவனாக ஆகியிருக்கவில்லை என்று 1936-ல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தன்னை அதிலிருந்து விடுவித்தது பைபிள்தான், அதிலும் மலைப்பிரசங்கம்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த மலைப்பிரசங்கம் அவரை இந்தியா பக்கமும் திருப்பியது. வன்முறை இல்லாத எதிர்ப்பைக் காந்தியின் ஆசிரமத்தில் தங்கிப் பார்க்க ஆசைப்பட்டார். 1934 நவம்பரில் காந்தியிடமிருந்து அழைப்புக் கடிதமும் வந்தது. ஆனா ஜெர்மனியில் வேறு ஒரு பொறுப்பு காத்திருந்ததால், அந்தப் பயணம் கடைசிவரை நடக்கவே இல்லை.

அவர் கையில் இருந்த சின்னப் புத்தகம் எது?

போன்ஹோஃபரின் தினசரி வாசிப்பில் பைபிளோடு இன்னொரு புத்தகமும் இருந்தது. பெயர் லோசுங்கன். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரைச் சேர்ந்த மொரேவியன் சபை வெளியிடுவது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதோடு பொருந்தும் ஒரு புதிய ஏற்பாட்டு வசனம்.

இந்தப் பழக்கம் 1728-ல் ஆரம்பித்தது. சபைத் தலைவர் ஸின்ஸென்டார்ஃப் பிரபு அடுத்த நாளுக்கான ஒரு வசனத்தைச் சொல்ல, அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் அச்சுப் புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் இன்றைக்கும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கப்படுகிறது.

எனக்குப் பிடித்த வசனம், எனக்கு வசதியான வசனம் என்று வாசிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. அன்னைக்கு என்ன வருதோ, அதோடுதான் அந்த நாளைத் தொடங்கணும். போன்ஹோஃபருக்கு இது முக்கியமாகப் பட்டது.

1936-ல் தன் மைத்துனர் ரூடிகர் ஷ்லைஷருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கான காரணத்தை விளக்கியிருக்கிறார். கடவுள் எங்கே இருக்கணும் என்று நானே தீர்மானித்தால், எனக்கு ஏற்ற மாதிரி ஒரு கடவுள்தான் கிடைப்பார். எனக்குப் பிடிக்காத இடத்தில் இருந்தும் அவர் பேசலாம் என்று ஏற்றுக்கொண்டால்தான் அது உண்மையான கேட்டல். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

ஃபின்கென்வால்டே: காலையில் அரை மணி நேரம்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குள்ளேயே நாஜி ஆதரவு அணி ஒன்று வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 13-ல் பெர்லின் விளையாட்டு அரங்கில் சுமார் 20,000 பேர் கூடிய கூட்டத்தில், யூதர்களின் புத்தகம் என்பதால் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியணும் என்று அந்த அணியின் பெர்லின் தலைவர் முழங்கினார். யூத வம்சாவளி போதகர்களைப் பதவியிலிருந்து நீக்கும் முயற்சியும் நடந்தது.

இதை எதிர்த்தவர்கள் கன்ஃபெஸ்ஸிங் சர்ச் என்ற பெயரில் தனியாகத் திரண்டார்கள். 1935-ல் அவர்களுக்காகப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு போன்ஹோஃபரிடம் வந்தது. முதலில் பால்டிக் கடலோரத்தில், பிறகு ஸ்டெட்டின் நகருக்கு அருகில் ஃபின்கென்வால்டேயில் அந்தப் பயிற்சிப் பள்ளி நடந்தது.

அங்கே தினமும் காலையில் அரை மணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுக்க ஒரே பகுதி. அகராதி கூடாது, உரை நூல் கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பும் எடுக்கக் கூடாது. இந்த வரி இன்னைக்கு எனக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

மாணவர்களுக்கு இது சுத்தமாக ஒத்துவரவில்லை. சிலர் தூங்கிவிட்டார்கள். சிலருக்கு மனசு எங்கெங்கோ ஓடியது. அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் அதிருப்தி பெரிதாக வெடித்தது. மடத்துச் சாமியார் வாழ்க்கை போல இருக்கிறது என்று வெளியில் இருந்தும் விமர்சனம் வந்தது.

திரும்பி வந்தவர் புகார்களைப் பொறுமையாகக் கேட்டார். ஆனா தியானத்தை நிறுத்தவில்லை. தனியாகச் செய்ய முடியாதவர்களுக்காக, வாரத்தில் ஓரிரு முறை எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுப் பகிரும் தியானத்தைச் சேர்த்தார். மனசு அலைந்தால் கவலைப்பட வேண்டாம், அது எந்த ஆளிடம் போகிறதோ அந்த ஆளுக்காக ஜெபிக்கலாம் என்பதும் அவர் தந்த யோசனை.

1937-ல் கெஸ்டபோ காவல்துறை பள்ளியை இழுத்து மூடியது. ஆனாலும், பழைய மாணவர்களுக்கு அவர் சுற்றறிக்கைக் கடிதம் அனுப்புவது நிற்கவில்லை. எந்த வாரம் எந்தப் பகுதியைத் தியானிக்க வேண்டும் என்ற பட்டியலும் அதில் போனது. பிறகு போர்முனைக்கு அனுப்பப்பட்ட மாணவர்களையும் அந்தக் கடிதங்கள் தேடிப் போயின. அவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை.

தேதி குறித்து வைத்த சங்கீதம்

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. கடைகள் நொறுக்கப்பட்டன. போன்ஹோஃபருக்கு இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தி இல்லை. சபீனாவின் கணவர் யூத வம்சாவளி. அந்தக் குடும்பம் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நாட்டை விட்டே தப்பியிருந்தது.

அந்த நாட்களில் அவர் வாசித்த 74-ம் சங்கீதத்தில், தேசத்தில் உள்ள கடவுளின் ஆலயங்கள் எரிக்கப்படுவதைப் பற்றி ஒரு வசனம் வருகிறது. அதை அடிக்கோடிட்டு, ஓரத்தில் நவம்பர் 9-ன் தேதியை எழுதி வைத்தார்.

யூதர்கள் கடவுளால் சபிக்கப்பட்டவர்கள், அதனால் அவர்களுக்கு இது நடக்கிறது என்று பல கிறிஸ்தவர்கள் அப்போ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் இதே பைபிள்தான். ஆனா போன்ஹோஃபர் வாசித்தபோது, எரிந்த ஜெப ஆலயங்கள் கடவுளின் ஆலயங்களாகவே தெரிந்தன. பென்சிலால் எழுதிய ஒரு சின்னத் தேதியில் அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது.

நியூயார்க்கில் 26 நாட்கள்: என்ன நடந்தது?

1939-ல் போர் வருவது கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. போன்ஹோஃபரின் வயதுக்காரர்களுக்கும் ராணுவ அழைப்பு வரவிருந்தது. ஹிட்லரின் பெயரால் சத்தியம் செய்து ஆயுதம் ஏந்த அவர் மனசு ஒப்பவில்லை. வெளிப்படையாக மறுத்தால் உயிருக்கு ஆபத்து, சபைக்கும் சிக்கல்.

அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர் உள்ளிட்ட நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். ஜூன் 12-ல் நியூயார்க்கில் இறங்கினார். நல்ல வரவேற்பு, வசதியான அறை, தயாராக ஒரு வேலை. ஜெர்மன் அகதிகளுக்கு ஆன்மிக உதவி செய்யும் பொறுப்பு அது. ஆனா அதை ஏற்றால், நாஜி ஆட்சி இருக்கும்வரை ஊர் திரும்புவது கஷ்டம்.

அந்த நாட்களின் டைரி இன்னும் இருக்கிறது. அன்றன்றைய லோசுங்கன் வசனம், அதைப் பற்றிய எண்ணம், தூக்கமில்லாத தவிப்பு, ஊர் நினைப்பு எல்லாம் அதில் கலந்து வருகின்றன. டைம்ஸ் சதுக்கம் பக்கம் இலக்கில்லாமல் நடந்திருக்கிறார். ஜெர்மனியில் இருந்து கடிதம் வராதா என்று ஏங்கியிருக்கிறார்.

ஜூன் 20-ல் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் மறுத்தேன் என்று தனக்கே முழுசாகத் தெரியவில்லை என்ற குழப்பத்தையும் அன்றைய டைரியில் மறைக்காமல் எழுதினார்.

ஆறு நாள் கழித்துத்தான் அந்த குளிர்கால வரி கண்ணில் பட்டது. அது அன்றைய லோசுங்கன் வசனம்கூட இல்லை, தற்செயலாகப் படித்தது. விடுப்பில் வந்த போர் வீரன் எப்படி மறுபடியும் முன்னணிக்கே போக வேண்டும் என்று தவிப்பானோ, அப்படித் தன் நிலை இருப்பதாக உணர்ந்தார்.

போருக்குப் பிறகு ஜெர்மனியில் கிறிஸ்தவ வாழ்வைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றால், இந்தத் துன்ப காலத்தில் தன் மக்களோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனக்கு அந்த உரிமையே கிடையாது என்று நீபருக்குத் தெரிவித்தார். நண்பர் பால் லேமன் தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. ஜூலை 7 இரவு கப்பல் ஏறினார். செப்டம்பர் 1-ல் போர் வெடித்தது.

அப்போ, கண்ணில் பட்ட வசனத்தை வைத்து முடிவெடுக்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் பதில் தேடியவர் இல்லை போன்ஹோஃபர். வேறு ஒருவருக்கு எழுதப்பட்ட வரியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது பைபிளைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாதா என்ற கேள்வி அவருக்குள்ளேயே இருந்தது. கடவுளின் அருள் இருந்தால் அது தவறாகாது என்று அன்றைக்கே டைரியில் எழுதிக்கொண்டார்.

வரிசையைப் பார்த்தால் விஷயம் புரியும். வசனம் வருவதற்கு முன்பே வேலையை மறுத்துவிட்டார். அதுக்கும் முன்னாடி, பல வருடமாகத் தினமும் வாசித்து, ஜெபித்து, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தவர். அந்த மாணவர்கள் ஜெர்மனியில் சிக்கியிருந்தார்கள். ஏற்கெனவே மனசில் அழுத்திக்கொண்டிருந்த கடமைக்கு அந்த வரி ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்த வழிகாட்டுதல் அவரைப் பத்திரமான இடத்திலிருந்து ஆபத்தான இடத்துக்குத்தான் அனுப்பியது. தனக்குச் சாதகமான வசனத்தைத் தேடுபவருக்கு இப்படி ஒரு பதில் கிடைக்க வாய்ப்பே இல்லை.

வாசிப்பு நேரடிப் பதில் தராத இடம்

ஊர் திரும்பியவருக்கு அடுத்தடுத்துத் தடைகள். 1940-ல் பொது இடங்களில் பேசத் தடை. சங்கீதங்களைப் பற்றிய சின்ன நூல் ஒன்றை அதே ஆண்டு வெளியிட்டார். 1941-ல் எழுதி வெளியிடவும் தடை வந்தது.

இதற்கிடையில், இன்னொரு மைத்துனர் ஹான்ஸ் ஃபான் டோனானி மூலமாக ராணுவ உளவுத் துறையில் சேர்ந்தார். வெளியில் பார்க்க அரசு வேலை, உள்ளே ஹிட்லரைக் கவிழ்க்கும் சதிக் குழு. 1942-ல் 14 பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்பவைத்த ரகசிய முயற்சியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. அந்த 14 பேரில் பெரும்பாலோர் யூத வம்சாவளியினர்.

மலைப்பிரசங்கத்தை உயிராக நினைத்து, காந்தியைச் சந்திக்க ஆசைப்பட்டவர், ஒரு மனிதரைக் கொல்லத் திட்டமிடும் குழுவில் எப்படிச் சேர்ந்தார்? இதற்கு நேரடியான அனுமதி எந்த வசனத்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. கொலை பாவம்தான், ஆனா கை கட்டி நிற்பதும் பாவம்தான், இரண்டில் ஒன்றின் பழியைச் சுமந்துகொண்டு கடவுளின் இரக்கத்தை நம்ப வேண்டியதுதான் என்பதே அவர் நிலைப்பாடு. இது சரியா என்று இறையியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அறை எண் 92

1943 ஏப்ரல் 5-ல் கைது செய்யப்பட்டார். பெர்லினின் டேகல் சிறை. ஜனவரியில்தான் மரியா ஃபான் வேடெமையர் என்ற இளம் பெண்ணோடு அவருக்கு நிச்சயமாகியிருந்தது. கைதான பிறகு பைபிளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ரம்பமோ பிளேடோ இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, 48 மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பருக்குள் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை முடித்துவிட்டார். சங்கீதங்களைத் தினமும் வாசித்தார். நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதங்களில் லோசுங்கன் அடிக்கடி வரும்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சில வாரங்கள் பைபிளை அதிகம் தொடாமலே ஓடிவிடுகின்றன என்று 1944 மார்ச்சில் பெத்கேவிடம் சொன்னார். அதற்காகக் குற்ற உணர்ச்சியில் வாடவும் இல்லை. கொஞ்ச நாளில் பசியோடு அதற்குத் திரும்பிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபின்கென்வால்டேயில் அரை மணி நேரக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காத அதே ஆசிரியர்தான் இவர்.

1944 ஜூலை 20-ல் ஹிட்லர் மீதான குண்டுத் தாக்குதல் தோல்வியடைந்தது. இனி தப்பிக்க வழியில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைய லோசுங்கன் 20-ம் சங்கீதத்தில் இருந்து வந்தது. ரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய வசனம் அது. மறுநாளுக்கு வந்தது, கடவுளை மேய்ப்பராகப் பாடும் 23-ம் சங்கீதம். இந்த இரண்டு நாள் வசனங்களும் தனக்கு மகிழ்ச்சி தருவதாக ஜூலை 21-ம் தேதி பெத்கேவுக்கு எழுதினார்.

கடைசி ஞாயிறு

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பவேரியக் காட்டுப் பகுதியில் ஷோன்பெர்க் ஊரின் பள்ளிக்கூடத்தில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி உடன் இருந்தவர்கள் கேட்டார்கள். பலர் கத்தோலிக்கர், ஒரு சோவியத் அதிகாரி நாத்திகர். அதனால் போன்ஹோஃபர் தயங்கினார். அந்த நாத்திகரும் சம்மதித்த பிறகே தொடங்கினார்.

எடுத்துக்கொண்டது அன்றைய நாளுக்கான இரண்டு வசனங்கள். ஒன்று ஏசாயா 53-ம் அதிகாரத்தில், காயங்களால் குணமாவது பற்றியது. இன்னொன்று 1 பேதுரு முதல் அதிகாரத்தில், உயிர்த்தெழுதல் தரும் நம்பிக்கை பற்றியது. ஜெபம் முடிந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்து அவரை அழைத்துப் போனார்கள்.

மறுநாள் காலை ஃப்ளோசன்பர்க் வதை முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டது. அவருடைய பெற்றோர் நாஜிகளிடம் இரண்டு மகன்களையும் இரண்டு மருமகன்களையும் இழந்தார்கள். டீட்ரிக் இறந்த செய்தி ஜூலை மாதம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. லண்டனில் நடந்த அஞ்சலி ஆராதனை வானொலியில் ஒலிபரப்பானபோது தெரிந்துகொண்டார்கள்.

ஏன் இன்றும் பேசப்படுகிறார்?

தினமும் வாசித்தால் நல்லது நடக்கும், பிரச்சினை தீரும் என்ற கணக்குக்கு போன்ஹோஃபர் பொருந்த மாட்டார். அவர் பிரச்சினை தீரவில்லை, பெரிதானது. எந்த வேலையை ஏற்பது, எந்த ஊரில் வாழ்வது, யாரோடு நிற்பது என்று எல்லோருக்கும் வரும் அன்றாடக் கேள்விகள்தான் அவருக்கும் வந்தன. தினசரி வாசிப்பு அவருக்குப் பதில்களை எழுதிக் கொடுக்கவில்லை. கேள்வியிலிருந்து தப்பி ஓட விடாமல் தினமும் காலையில் அவரைப் பிடித்து நிறுத்தியது.

ஹெர்ன்ஹூட்டில் இன்றும் சீட்டுக் குலுக்குகிறார்கள். லோசுங்கன் ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகிறது. போன்ஹோஃபர் 1938-ல் நான்கே வாரத்தில் எழுதி முடித்த, சேர்ந்து வாழ்வதைப் பற்றிய சின்ன நூலும் அச்சில் இருக்கிறது. நாடு விட்டுப் போன சபீனாவின் காலி வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதியது அது. காலையில் எழுந்ததும் முதலில் யார் குரலைக் கேட்பது என்பதும் அதில் அவர் பேசும் விஷயங்களில் ஒன்று.